ஃபவுலே இல்லாமல் ஊதிய விசில்

ஆடி மாதத்தில் எங்கள் ஊரில் கல்யாணம் கிடையாது. ஆனால் ஆவணிக் கல்யாணங்களுக்கான புடவைகள் எல்லாம் அந்த மாதத்தில்தான் தறியில் ஏறி இருக்கும். மூச்சுவிட நேரம் இருக்காது. அப்படிப்பட்ட சமயத்தில், பாதிப் புடவையை அப்படியே தறியில் விட்டுவிட்டு நான் மெல்போர்னுக்குப் போனேன். ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. என் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையை என் தங்கை கையில் கொடுக்க.

தனலட்சுமி என் ஒரே தங்கை. பத்தொன்பது வருஷமாக அங்கே நர்ஸ். அப்பா காரியத்துக்கு வந்துவிட்டுப் போனதோடு சரி, அதற்கப்புறம் ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லை. போனில் பேசினால் நன்றாகத்தான் பேசுவாள். வா என்றால் மட்டும் லீவு இல்லை என்பாள். இந்த முறை நான் விடவில்லை. எங்கள் வீட்டு வழக்கப்படி கல்யாணப் பெண்ணுக்கு நலங்கு வைக்கும்போது முதல் மஞ்சளை அத்தைதான் பூச வேண்டும். அவள் வராமல் என்ன நலங்கு, என்ன கல்யாணம்?

"போன்ல கூப்பிட்டா வரமாட்டேண்ணா. நேர்ல வந்து தட்டு வெச்சுக் கூப்பிடு, பாக்கலாம்" என்றாள். பாக்கலாம் என்று சொன்னதை வருகிறேன் என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் ஏகாம்பரம். சின்ன காஞ்சிபுரத்தில் வீட்டோடு இரண்டு தறி. ஆறு நாள் நெசவு, ஏழாம் நாள் கால்பந்து ரெஃப்ரி. முப்பது வருஷமாக விசில் ஊதுகிறேன். தாமல் ஏரி வற்றியபோது ஏரிக்குள்ளேயும் ஊதியிருக்கிறேன். தறிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும் அந்த விசில், வெளியூர் போனால் என் சட்டைப் பைக்கு வந்துவிடும். மெல்போர்னுக்கும் வந்தது. அதுதான் வினையே.

முதல் நாள் தனத்தின் வீட்டுக்குள் நுழைந்ததும் ஃபிரிட்ஜ் மேல் ஒரு பந்து கண்ணில் பட்டது. சிவப்பாக, இரண்டு பக்கமும் கூராக, உரித்த தேங்காய் மாதிரி.

"இது இன்னாது தனம்?"

"ஃபுட்பால்ண்ணா."

"விளையாடாதே."

"அதான் சொல்றேன், விளையாடறேன். சனிக்கிழமை எனக்கு மேட்ச் இருக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. மகன் காலேஜில் படிக்கிறான். நான் அவள் புருஷன் மோகனைப் பார்த்தேன். அவர் டீ ஆற்றிக்கொண்டே, "நாலு வருஷமா ஆடிக்கினு இருக்கா மச்சான். உங்ககிட்ட சொல்ல வேணாம்னுட்டா" என்றார். என்னிடம் சொல்ல வேண்டாமா? ரெஃப்ரியிடம்? எனக்குச் சுருக்கென்றது. சின்ன வயதில் செவிலிமேட்டு மைதானத்தில் எங்களோடு பந்து உதைத்தவள்தான். பெரியவளானதும் தானாக நின்றுவிட்டாள். இப்போது இந்த வயதில் எங்கிருந்து வந்தது இந்த ஆசை?

வந்த காரியத்தை முதலில் முடிப்போம் என்று பெட்டியைத் திறந்து தட்டை எடுத்தேன். வெற்றிலைக்கு அங்கே எங்கே போவது? பாக்கு, மஞ்சள், குங்குமம், ஆப்பிள், நானே நெய்த அரக்கு நிறப் புடவை, மேலே பத்திரிகை. நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை.

"சனிக்கிழமை மேட்ச் முடியட்டும்ணா. அப்புறம் வாங்கிக்கறேன்."

தட்டு ஃபிரிட்ஜ் மேல், அந்தத் தேங்காய்ப் பந்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. கடல் தாண்டி வந்த பத்திரிகைக்கு இந்த மரியாதை. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவர்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். கடைத்தெரு வரை போய் வரலாம் என்று டிராம் ஏறினேன். எதிர்ப்பக்கம் போகும் டிராம் அது. ஊர் எல்லையே வந்துவிடும் போலிருந்தது. பதறிப்போய் ஒரு பெரிய பூங்கா வாசலில் இறங்கினேன். குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். காஞ்சிபுரத்தில் வாங்கிய என் ஸ்வெட்டர் அதற்கு முன் கைக்குட்டை மாதிரி இருந்தது.

பூங்காவுக்குள் வரிசையாக மைதானங்கள். முதல் மைதானத்தில் மலை மாதிரி ஆட்கள் இரண்டு கூட்டமாகக் குனிந்து, தலையோடு தலை கோத்துக்கொண்டு தள்ளினார்கள். எங்கள் வரதர் தேரை நிலையிலிருந்து நகர்த்தும்போதுகூட இத்தனை முக்கல் முனகல் கேட்காது. கோல் கம்பம் ஆங்கில எச் எழுத்து மாதிரி நின்றது. வேலியோரம் நின்றவரிடம் இது என்ன ஆட்டம் என்று என் அரைகுறை இங்கிலீஷில் கேட்டேன். ஃபுட்பால் என்றார். ரக்பி என்றும் சொல்லலாமாம். பந்தைப் பின்பக்கம்தான் வீச வேண்டுமாம், முன்னால் வீசினால் ஃபவுலாம். முன்னேறுவதற்காகப் பின்னால் வீசுகிறார்கள்! அதிலும் பதினைந்து பேர் ஆடுவது ஒரு வகை, பதின்மூன்று பேர் ஆடுவது வேறு வகை, இரண்டு தரப்புக்கும் ஆகாது என்றார்.

இரண்டாவது மைதானத்தில் தலைக்கவசம், தோளில் பலகை எல்லாம் கட்டிக்கொண்டு போருக்குப் போகிறவர்கள் மாதிரி ஒரு கூட்டம். நான்கு நொடி முட்டிக்கொள்கிறார்கள், அப்புறம் நின்று வட்டமாகக் கூடி ஏதோ ரகசியம் பேசுகிறார்கள், மறுபடியும் நான்கு நொடி. அங்கேயும் கேட்டேன். "ஃபுட்பால். அமெரிக்கன்" என்றான் ஒரு பையன். அரை மணி நேரம் நின்று பார்த்தேன். பந்தைக் காலால் தொட்டவன் ஒரே ஒருத்தன். அதற்காகவே அவனை வெளியிலிருந்து கூட்டிவந்து, உதைக்க வைத்து, திரும்ப வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கடைசி மைதானத்தில் உருண்டைப் பந்தைப் பார்த்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது என்று சொன்னால் நம்புங்கள். நம் பந்து! நம் கோல்! ஆடியவர்கள் எல்லாம் தாத்தாக்கள், இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்கள். ஆசையாகப் போய் நின்றேன். ஐந்தாவது நிமிஷம் விசில். ஏன் ஊதினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கையில் படவில்லை, தள்ளவில்லை, ஆஃப்சைடும் இல்லை. பக்கத்தில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "அவன் ஓடிட்டான்."

"ஓடினால்?"

"ஃபவுல். இது நடந்தே ஆடுற கால்பந்து. ஓடக் கூடாது."

அடப்பாவிகளா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாததால் சிரித்தார். அவரே எனக்குச் சரியான டிராமையும் காட்டி ஏற்றிவிட்டார்.

தனத்தின் அடுத்த வீட்டுக்காரர் பேட்ரிக். அயர்லாந்துக்காரர், அறுபது வயது, தனத்தின் குழுவுக்குக் கோல் நடுவர், அதாவது கம்பத்தடியில் நின்று கோல் விழுந்ததா இல்லையா என்று சொல்கிறவர். மூன்றாம் நாள் ராச்சாப்பாட்டுக்கு வந்திருந்தார். தனம் நம் கோயில் இட்லி செய்திருந்தாள், மிளகு, சுக்கு, நெய் எல்லாம் போட்டு, டம்ளரில் வேகவைத்து, வட்டம் வட்டமாக வெட்டி. அந்த மனிதர் அதன் மேல் தக்காளி சாஸை ஊற்றினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வரதராஜப் பெருமாள் மன்னிக்கட்டும்.

பூங்காவில் பட்ட அவஸ்தையைச் சொன்னதும் பேட்ரிக் தொடையைத் தட்டிச் சிரித்தார். "எங்க ஊரு ஆட்டத்தை நீங்க பாக்கலையே! எங்க பந்து உருண்டைதான். ஆனா கையால பிடிக்கலாம். குறுக்குக் கம்பிக்கு மேல போனா ஒரு பாயின்ட், கீழே வலைக்குள்ள போனா மூணு" என்றார். கம்பிக்கு மேலே போனால் எங்கள் ஊரில் அடித்தவனைத் திட்டுவார்கள், அங்கே பாயின்ட் கொடுக்கிறார்கள்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு வாய் மூடவில்லை. இங்கிலாந்தில் சில ஊர்களில் வருஷத்துக்கு ஒருமுறை ஊரே இரண்டாகப் பிரிந்து, தெரு, வயல், ஓடை என்று பார்க்காமல் ஒரே பந்துக்காக நாள் முழுக்க முட்டிக்கொள்ளுமாம். கோலுக்கும் கோலுக்கும் நடுவே மைல் கணக்கில் தூரமாம். இத்தாலியில் ஒரு நகரத்தில் மணல் கொட்டி ஆடும் பழைய கால்பந்து இருக்கிறது. அதில் ஒருவரை ஒருவர் முஷ்டியால் குத்துவதும் ஆட்டத்தில் சேர்த்தியாம். மலேசியா பக்கம் பிரம்புப் பந்தை வலைக்கு மேலே காலாலேயே அடித்து ஆடுகிறார்கள். பார்வையில்லாதவர்கள் ஆடும் கால்பந்தில் பந்துக்குள் சலங்கை மாதிரி ஏதோ வைத்திருப்பார்களாம். சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காகப் பார்க்க வந்தவர்கள் கோல் விழும்வரை மூச்சுக் காட்டக் கூடாது. இது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. எங்கள் ஊர்ப் பார்வையாளர்களுக்கும் இந்தச் சட்டத்தைக் கொண்டுவரலாம்.

"அந்தக் காலத்துல இங்கிலாந்துல ஒவ்வொரு பள்ளிக்கூடமும் தன் இஷ்டத்துக்கு ஒரு சட்டம் வெச்சு ஆடுச்சு. கையால தொடக் கூடாதுன்னு ஒரு கூட்டம் எழுதி வெச்சுது, தூக்கிக்கினு ஓடலாம்னு இன்னொரு கூட்டம் பிரிஞ்சு போச்சு. ஒவ்வொண்ணும் கப்பலேறி ஒவ்வொரு நாட்டுல வேற மாதிரி வளர்ந்துச்சு" என்று பேட்ரிக் சொன்னதைத் தனம் எனக்குத் தமிழில் சொன்னாள். அப்புறம் அவளாகவே, "பங்காளி வீடு மாதிரிண்ணா. ஒரே பாட்டன், தனித்தனி அடுப்பு" என்றாள். எது மூத்த வீடு என்று கேட்டேன். ஒவ்வொருத்தரும் தாங்கள்தான் என்பார்களாம். அதுவும் பங்காளி வீடு மாதிரியேதான்.

சனிக்கிழமை வந்தது. தனம் ஆடும் ஆஸ்திரேலிய ஃபுட்பாலுக்கு மைதானமே முட்டை வடிவம். இங்கே எதுவுமே உருண்டையாக இருக்காது போல. இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பம், குறுக்குக் கம்பியும் இல்லை, வலையும் இல்லை, கோல்கீப்பரும் இல்லை. நடு இரண்டு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், ஆறு பாயின்ட். குறி தவறிப் பக்கத்துக் கம்பங்களுக்கு இடையே போனால் ஒரு பாயின்ட்.

"குறி தவறினதுக்கா?" என்று மோகனைக் கேட்டேன்.

"முயற்சி பண்ணாங்க இல்ல மச்சான், அதுக்கு" என்றார்.

பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். பதினைந்து மீட்டருக்கு ஒருமுறை தரையில் தட்ட வேண்டும். கூர்ப்பந்தைத் தட்டினால் அது எந்தப் பக்கம் எழும் என்று அந்த ஏகாம்பரேஸ்வரருக்கே தெரியாது, இவர்கள் கைக்கு மட்டும் திரும்பி வருகிறது. இன்னொருத்திக்குக் கொடுக்க வேண்டுமானால் எறியக் கூடாது. ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்ப வேண்டும். இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆஃப்சைடே கிடையாது என்று மோகன் சொன்னார் பாருங்கள், அப்போதுதான் எனக்கு நெஞ்சை அடைத்தது. ஆஃப்சைடுக்காக முப்பது வருஷம் நான் வாங்கிய வசவு கொஞ்சமா? செவிலிமேட்டில் ஒருமுறை செருப்பு வந்து விழுந்தது. அந்தச் சட்டமே இல்லாமல் இங்கே ஒரு நாடு நிம்மதியாக ஆடிக்கொண்டிருக்கிறது.

இடைவேளையில் பார்வையாளர்கள் எல்லாம் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் போய், கேப்டன் பேசுவதைச் சுற்றி நின்று கேட்டார்கள். நாயைக்கூடக் கூட்டிப்போனார்கள். நானும் போனேன். கேப்டன் ஷெரில், நல்ல ஆகிருதி, லாரி ஓட்டுகிறவள். நாலாக வெட்டிய ஆரஞ்சை வாயில் வைத்துக்கொண்டே கத்தினாள். தனத்தை அவள் டானா என்று கூப்பிட்டாள். முட்டியெல்லாம் சேறு, கன்னத்தில் ஒரு கீறல், முழங்காலுக்கு மேலே கால்சட்டை. என் தங்கையை இப்படி நான் பார்த்ததே இல்லை. வெட்கமா, பயமா, பெருமையா என்று எனக்கே தெரியவில்லை. சட்டைப் பையில் கை போய் விசிலைப் பிடித்துக்கொண்டது. பதற்றம் வந்தால் அதுதான் பழக்கம்.

ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் கூட இல்லை. தனத்தின் குழு மூன்று பாயின்ட் பின்னால். தனம் எகிறிப் பந்தைப் பறித்தாள், ஓடினாள். எதிரே கோல் கம்பம், நடுவே ஒரே ஒருத்தி. அந்தத் தடிச்சி தனத்தின் இடுப்பை இரண்டு கையாலும் வளைத்துச் சேற்றில் சாய்க்கப் பார்த்தாள். தனம் திமிறி, பிடியை உதறிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அப்போது ஒரு விசில் கேட்டது. நீளமாக, காதைக் கிழிக்கிற மாதிரி. எல்லோரும் அப்படியே நின்றார்கள். ஃப்ரீ கிக் என்று நினைத்து தனமும் நின்றுவிட்டாள். நடுவர் தன் விசிலைப் பார்த்தார். அது அவர் கையில்தான் இருந்தது. அவர் ஊதவில்லை. மைதானத்தில் இருந்த அத்தனை தலைகளும் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பியபோதுதான் தெரிந்தது, விசில் என் வாயில் இருந்தது.

இடுப்பைப் பிடித்தால் எங்கள் ஆட்டத்தில் ஃபவுல். என் கை தானாக எடுத்தது, வாய் தானாக ஊதியது. அவர்கள் ஆட்டத்தில் அது சரியான பிடி. நடுவர் வேறு வழியில்லாமல் பந்தைத் தூக்கிப் போட்டு ஆட்டத்தைத் திரும்ப ஆரம்பித்தார். அந்தத் தடிச்சி அதை எங்கோ உதைத்துத் தள்ளினாள். ஆட்டம் முடிந்ததாகச் சங்கு ஊதியது. மூன்று பாயின்ட்டில் தோல்வி. எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் மோசம். எங்கள் ஊராக இருந்தால் நாலு வார்த்தை திட்டி மனசை ஆற்றியிருப்பார்கள்.

காரில் மோகன் ஓட்ட, தனம் முன்னால், நான் பின்னால். பாதி தூரம் வந்திருப்போம். தனம் திரும்பாமலே கேட்டாள்.

"ஏண்ணா, நான் இன்னா ஃபவுல் பண்ணேன்?"

"நீ பண்ணலம்மா. அவதான் உன்னை இடுப்புல புடிச்சு..."

"இன்னிக்கு இல்ல. அன்னிக்கு. செவிலிமேட்டுல."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"பதினாலு வயசு எனக்கு. நீதான் ரெஃப்ரி. கோல்கீப்பர் மட்டும்தான் முன்னாடி நின்னுக்கினு இருந்தான். நீ விசில் ஊதினே. நமக்கு ஃப்ரீ கிக்குனு நெனச்சு சிரிச்சுக்கினே நின்னேன். கிட்ட வந்து, வீட்டுக்குப் போன்னு சொன்னே. அவ்ளோதான். அன்னியோட முடிஞ்சுது."

"நீ தானா நின்னுட்டேன்னு..."

"தானா நிக்கலண்ணா. நீ நிறுத்தினே."

எல்லாம் ஞாபகம் வந்தது. மைதானத்து ஓரம் சைக்கிளைப் பிடித்தபடி எங்கள் மாமா ஒருத்தர் நின்றிருந்தார். "இன்னாப்பா ஏகாம்பரம், வயசுக்கு வந்த பொண்ணு பாவாடைய தூக்கிச் சொருவிக்கினு ஓடுது, நீ ஊதிக்கினு இருக்கே" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது, மானம் போய்விட்டதாக நினைத்தேன். ஊதினேன். அன்றைக்கே மறந்தும் போனேன்.

"இப்ப ஊர்ப் பொண்ணுங்க மேட்சுக்கெல்லாம் நீதான் ரெஃப்ரி. கப்பு வாங்கற ஃபோட்டோவெல்லாம் எனக்கு அனுப்பறே. நல்லா இருக்குதுன்னு நானும் பதில் போடறேன். ஒவ்வொரு வாட்டியும் வயிறு எரியுது. ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் ஆட்டம் நடத்தறே. எனக்கு மட்டும் ஏண்ணா?"

மோகன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ரேடியோவைப் போட்டார்.

வீட்டில் தட்டு ஃபிரிட்ஜ் மேலேயே இருந்தது. மேட்ச் முடிந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றவள் அதன் பக்கமே போகவில்லை. நானும் கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை ஷெரில் நேரே வீட்டுக்கே வந்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை கடைசி ஆட்டம். நேற்று ஜெயித்திருந்தால் கவலை இல்லை. இப்போது அதில் ஜெயித்தால்தான் மேல்சுற்று. பேட்ரிக்குக்கு முட்டி வீங்கிவிட்டது, ஒவ்வொரு குழுவும் ஒரு கோல் நடுவரைக் கொடுக்க வேண்டும். என்னைக் கைகாட்டினாள். "இந்த விசில்காரர் நிக்கட்டும். கோல் நடுவருக்கு விசில் கிடையாது, கொடிதான். செஞ்ச தப்புக்கு இதுதான் தண்டனை" என்றாள். விசிலைக் கேட்டு வாங்கி மோகனிடம் கொடுத்துவிட்டும் போனாள். முப்பது வருஷத்தில் என் விசிலைப் பறிமுதல் செய்தது அவள் ஒருத்திதான்.

ஒரு வாரம் பேட்ரிக் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தார். சமையலறைத் துண்டு இரண்டுதான் கொடி. கோல் என்றால் இரண்டு விரல், இரண்டு கொடி. ஒரு பாயின்ட் என்றால் ஒரு விரல், ஒரு கொடி. பந்து கம்பத்தில் லேசாக உரசினாலும் கோல் இல்லை, ஒரு பாயின்ட்தான். கம்பத்தைக் கையால் தட்டிக் காட்ட வேண்டும். "ஆளைப் பாக்காதே. பந்தை மட்டும் பார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தனம் அந்த வாரம் முழுக்க வேளாவேளைக்குச் சோறு போட்டாள், குளிருக்கு மோகனின் கோட்டை எடுத்துக் கொடுத்தாள். தட்டு மட்டும் ஃபிரிட்ஜ் மேலேயே இருந்தது.

சனிக்கிழமை மழைத் தூறல். வெள்ளைக் கோட்டு மாட்டி, இரண்டு கம்பங்களுக்கு நடுவே பொம்மை மாதிரி நின்றேன். நாலு பங்கு ஆட்டத்தில் முதல் மூன்று பங்கு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள், எனக்குப் பந்தைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. கடைசிப் பங்கில் தனத்தின் குழு நான் நின்ற பக்கம்தான் கோல் அடிக்க வேண்டும். இரண்டு பாயின்ட் பின்னால். நேரம் முடிகிற சமயம். தனம் கூட்டத்துக்குள்ளிருந்து பந்தோடு வெளியே வந்து, ஓடிக்கொண்டே உதைத்தாள். நல்ல உதை. உயர எழும்பி, காற்றில் வளைந்து, என் தலைக்கு மேலே வலது கம்பத்துப் பக்கமாக உள்ளே வந்தது.

டக் என்று ஒரு சின்னச் சத்தம். தறியில் ஊடை இழையைக் கொண்டு ஓடும் நாடா அதன் பெட்டிக்குள் போய் முட்டுகிற மாதிரி, அவ்வளவுதான். கம்பத்தில் உரசிவிட்டது.

ஷெரில் குதித்துக்கொண்டிருந்தாள். வேலியோரம் கார் ஹாரன்களை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சத்தம் என்னைத் தவிர ஒருத்தருக்கும் கேட்டிருக்காது. நடுவர் ஓடி வந்து என் முகத்தைப் பார்த்தார். முடிவு உன்னுடையது என்றார். அவருக்குப் பின்னால் தனம், இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

இரண்டு விரல் காட்டினால் போதும். ஜெயித்துவிடுவார்கள். செவிலிமேட்டுக் கணக்கும் போன வாரக் கணக்கும் தீர்ந்துவிடும். தட்டை வாங்கிக்கொள்வாள், நலங்குக்கு வருவாள். ஆனால் அன்றைக்கு மாமாவைப் பார்த்து ஊதினேன், இன்றைக்குத் தங்கையைப் பார்த்துக் கொடி ஆட்டினால் நான் என்ன ரெஃப்ரி? கம்பத்தைக் கையால் தட்டினேன். ஒரு விரல் காட்டினேன். ஒரே ஒரு கொடியை எடுத்து ஆட்டினேன்.

சங்கு ஊதியது. ஒரு பாயின்ட்டில் தோற்றுப்போனார்கள்.

ஷெரில் கொடியையும் என்னையும் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள். நல்லவேளை, எனக்கு விளங்கவில்லை. கூட்டம் கலைந்தது. நான் கம்பத்தடியிலேயே நின்றேன். தனம் நடந்து வந்தாள்.

"பட்டுச்சாண்ணா?"

"பட்டுச்சும்மா. சத்தம் கேட்டுது."

"தெரியும். கால்ல இருந்து போறப்பவே தெரியும், கொஞ்சம் வலதுபக்கம் போயிடுச்சு."

ஒரு வாரமாக வராத பதில் அப்போதுதான் வந்தது. "அன்னிக்கு நீ ஒரு ஃபவுலும் பண்ணல தனம். நான்தான் பண்ணேன். யாரோ சிரிச்சாங்கன்னு உன் ஆட்டத்தை நிறுத்திட்டேன். தப்பும்மா."

அவள் கம்பத்தில் பந்து பட்ட இடத்தைத் தேடுகிற மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கப் போய் முகமெல்லாம் சேறாக்கிக்கொண்டாள்.

"அன்னிக்கும் நியாயமா ஊதியிருந்தா நான் ஏண்ணா முப்பது வருஷம் மனசுக்குள்ள கேட்டுக்கினு இருக்கப் போறேன்?" என்றாள். பிறகு, "வா, வீட்டுக்குப் போலாம். குளிச்சுட்டுத் தட்டை வாங்கிக்கறேன்" என்றாள்.

இதைக் காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். விட்டுப்போன புடவையை முடித்தாயிற்று. கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். தனம் வெள்ளிக்கிழமை வந்து இறங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமை செவிலிமேட்டில் பெண்களுக்கான ஆட்டம், நம் உருண்டைப் பந்தில். ஒரு குழுவில் ஓர் ஆள் குறைகிறது என்று பெண்கள் வந்து நின்றார்கள். பதினொன்றாவது பெயராகத் தனலட்சுமி என்று நானே எழுதிக் கொடுத்தேன். யாருங்க சார் இது, எந்த ஸ்கூல் என்று கேட்டார்கள். வந்ததும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அன்றைக்கு விசில் ஊத வேறு ஆளைச் சொல்லிவிட்டேன்.